மெலின் வாங்கிய ஜெனரேட்டர்

தீவின் நடுவில் இருக்கும் ஹயூயா மலைச்சரிவில் எர்மெலிண்டா டொலேடோ வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மெலின் வீடு என்றால் நாய்கூட வழி காட்டும். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவள். அந்தச் சரிவில் இன்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறவர்களில் பாதிப் பேர் அவள் போட்ட சோற்றையும் பீன்ஸையும் தின்று வளர்ந்தவர்கள். தட்டுக்கு ஒரு கரண்டி. தலைமையாசிரியர் மகனுக்கும் அதே கரண்டிதான், கோழி திருடி மாட்டிக்கொண்டவன் மகனுக்கும் அதே கரண்டிதான். இரண்டாம் தடவை வந்து நின்று "பசிக்குது டோன்யா மெலின்" என்று மரியாதை போட்டுக் குழைந்தால், "வரிசையில கடைசியா நிக்கிறவனுக்கும் பசிக்கும்டா, போய் நில்லு" என்பாள். அளவில் அவளை யாரும் குறை சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் தன் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய், ஒரு ஜெனரேட்டரின் அளவைப் பற்றியது.

அவளுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. கூடிவந்த இரண்டையும் அவளே தட்டிவிட்டாள் என்பது அக்காள் சொராய்தாவின் கட்சி. சொராய்தா விதவை, தையல் ஆலையில் இருபத்தைந்து வருஷம் பஞ்சுத் தூசியையும், வீட்டில் புருஷனின் சுருட்டுப் புகையையும் மாறி மாறி இழுத்ததில் நுரையீரல் கெட்டுப் போனவள். மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்ஸிஜன் மெஷின், மெஷினின் மறுமுனையில் சுவரில் இருக்கும் பிளக். கரண்ட் போனால் கைவசம் இருக்கும் சிலிண்டர் ஆறு மணி நேரம் தாங்கும். அதற்கப்புறம் சாமி விட்ட வழி. மெலின் ஜெனரேட்டர் வாங்க நினைத்ததெல்லாம் இந்த ஒரு மூச்சுக்காகத்தான்.

தீவையே புரட்டிப் போட்ட மரியா புயலின்போது அவர்களிடம் ஜெனரேட்டர் இல்லை. பக்கத்து வீட்டு டோன் எவாரிஸ்டோவிடம் இருந்தது. புல்வெட்டும் மெஷின்களைப் பழுது பார்த்தே காலம் தள்ளியவர், மனைவி போனபின் தனிக்கட்டை. கரண்ட் போய்ச் சில மணி நேரத்திலேயே, காற்று கொஞ்சம் அடங்கியதும், வேலிக்கு மேலே ஆரஞ்சு நிற ஒயரைத் தூக்கிப் போட்டு, "மொதல்ல அக்கா மெஷினைச் சொருகு, அப்புறம் பேசலாம்" என்றார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஜெனரேட்டர் வைத்திருப்பவன் பக்கத்து வீட்டுக்கு ஒரு ஒயர் விடாமல் இருந்தால், அவன் செத்தால் சவப்பெட்டி தூக்க ஆள் வராது. ஆனால் டோன் எவாரிஸ்டோவுக்கு இல்லை என்று சொல்லும் நாக்கே கிடையாது. ஒரு வீடு இரண்டாச்சு, இரண்டு ஆறாச்சு. பத்தொன்பதாம் நாள் மத்தியானம் ஏதோ ஒரு வீட்டில் யாரோ இஸ்திரிப் பெட்டியையோ கரண்டில் சோறு ஆக்கும் பாத்திரத்தையோ சொருகினார்கள். அவர் மெஷின் ஒரு முறை முக்கியது, புகைந்தது, நின்றுவிட்டது. யார் சொருகியது என்று கேட்டபோது ஆறு வீடும் தாங்கள் இல்லை என்று கன்னி மரியாள் மேல் சத்தியம் செய்தது.

சொராய்தாவை நாற்காலியோடு தூக்கி ஒரு பிக்கப் வண்டியில் வைத்து, சரிந்து கிடந்த பாதையில் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போகும் வழியிலேயே சிலிண்டரில் மிச்சமிருந்ததும் தீர்ந்தது. அக்காளின் உதடு நீலமாவதை மெலின் பார்த்தாள். சொராய்தா பிழைத்து வந்தாள். ஆனாலும் அந்த நீலம் மெலினின் கண்ணை விட்டுப் போகவில்லை. எவாரிஸ்டோ மேல் கோபம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள். மனசுக்குள் மட்டும் ஒன்றை உறுதி செய்துகொண்டாள். இனி இந்த வீட்டு மூச்சு யாருடைய ஒயரிலும் தொங்காது, இந்த வீட்டு மெஷினில் யாருடைய ஒயரும் தொங்காது.

அதன் பிறகு ஏறக்குறைய ஐந்து வருஷம் பார்த்தாள். கரண்ட் போனால் மற்றவர்கள் முனகிக்கொண்டு உள்ளே போவார்கள். மெலின் நோட்டுப் புத்தகத்தோடு வெளியே வருவாள். பெண் பார்க்கப் போகிறவர்களைப்போல வீடு வீடாகப் போய் ஜெனரேட்டர் பார்த்தாள். எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது, எத்தனை மணி நேரம் தாங்குகிறது, கயிற்றை எத்தனை இழுப்பு இழுத்தால் கிளம்புகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டாள். மேட்டு வீட்டுக்காரன் ஏசி, டிவி, வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஓடவேண்டும் என்று ஒரு பூதத்தை வாங்கி வைத்திருந்தான். அதற்குத் தீனி போடப் பாதி நாள் பெட்ரோல் வரிசையில் நின்றான். வளைவு வீட்டில் இருந்த மலிவுச் சரக்கு போட்ட சத்தத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. இன்னொரு வீட்டில் திருட்டுப் பயத்தில் கார் நிறுத்தும் இடத்துக் கம்பிக் கதவுக்கு உள்ளேயே சங்கிலி போட்டுப் பூட்டி ஓட்டினார்கள். திருடன் புல்வெட்டும் மெஷின் ஒன்றை ஓடவிட்டு அந்தச் சத்தத்தின் மறைவில் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போவான் என்று தீவு முழுக்க ஒரு கதை உண்டு. அந்தக் கதைக்குப் பயந்து அந்த வீட்டார் புகையைக் குடித்தார்கள். எல்லாருக்கும் தலைவலி, கூண்டில் இருந்த கிளி செத்தது. "திருடன்கிட்டேர்ந்து மெஷினைக் காப்பாத்திட்டு மெஷின்கிட்ட உயிரைக் குடுக்கவா?" என்று மெலின் கேட்டதற்கு அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அதனால் அவள் முதலில் வாங்கியது ஜெனரேட்டரை அல்ல, அதற்கு ஒரு கூண்டை. வீட்டுக்குப் பின்னால் இருபத்தைந்து அடி தள்ளி, வாழைத் தோப்பின் ஓரம், தரையில் சிமெண்டில் பதித்த இரும்புக் கூண்டு, மேலே தகரம். இடத்தைத் தேர்ந்தெடுத்த விதம் வேடிக்கை. பழைய காப்பிச் சாக்கை நனைத்துக் கொளுத்திப் புகைய விட்டுவிட்டு, ஓடிப்போய் அக்காள் அறையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். மூன்று இடம் மாற்றினாள். நாலாவது இடத்தில்தான் புகை வாழைப் பக்கம் போனது.

"எம் பொணத்தை எரிக்கப் பழகுறியாடி?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள் சொராய்தா.

"ஒன்னை எரிக்க இந்தச் சாக்கு பத்தாது, சும்மா படு."

"அப்படியே ஏசி ஓடுற மாதிரி பெரிசா வாங்கு. மூச்சு வாங்குறவளுக்குக் குளுகுளுன்னு இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"எந்த டாக்டர்?"

"டிவியில வர்ற டாக்டர்."

"அப்ப அவரையே பெட்ரோல் வரிசையில நிக்கச் சொல்லு."

ஆகஸ்ட் மாதம், புயல் காலம் தலைக்கு மேல் நிற்கும்போது, நகரத்துக் கடைக்குப் போனாள். கடைக்காரன் ஒமார் வாய் ஓயாதவன். மூன்று அளவுகளை வரிசையாக நிறுத்திக் காட்டினான். இரண்டாயிரம் வாட்ஸ் சின்னது. ஆக்ஸிஜன் மெஷின், ஒரு மின்விசிறி, இரண்டு பல்பு. ஏழாயிரத்து ஐந்நூறு பெரியது. வீடு முழுக்க ஓடும். நடுவில் ஒன்று, மூவாயிரத்து ஐந்நூறு, சத்தம் குறைந்த வகை, விலை மட்டும் சத்தமாக இருந்தது.

"டோன்யா, ஒரே ஒரு கேள்வி," என்றான் ஒமார். "எத்தனை வீட்டுக்கு?"

"ஒரு வீட்டுக்கு. எங்க வீட்டுக்கு."

"அது சரி. பக்கத்துல எத்தனை வீட்டுக்கு ஒயர் போகும்?"

"ஒண்ணுக்கும் போகாது."

ஒமார் வாய்விட்டுச் சிரித்தான். "நானும் பதினோரு வருஷமா விக்கிறேன். எல்லாரும் இங்க நின்னு இதைத்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் மாமியாருக்குக்கூடக் குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, போறப்ப அம்பதடி ஒயர் ரெண்டு வாங்கிட்டுப் போறார்!"

"எனக்கு ஒயர் வேணாம். ஃபிரிட்ஜ் கெளம்புறப்ப எவ்வளவு இழுக்கும்னு சொல்லு."

நோட்டைப் பிரித்துப் போட்டாள். ஆக்ஸிஜன் மெஷின் முந்நூற்றைம்பது. ஃபிரிட்ஜ் ஓடும்போது கொஞ்சம், கிளம்பும்போது ஒரே மூச்சில் இரண்டாயிரத்துக்கு மேல். விசிறி, பல்பு, காப்பிக்கு வெந்நீர் வேண்டாம், அதற்கு எரிவாயு அடுப்பு இருக்கிறது. சின்னதில் ஃபிரிட்ஜ் கிளம்பும் நொடியில் அக்காளின் மெஷின் தடுமாறலாம். பெரியதை வாங்கினால் யானையைக் கட்டித் தீனி போடும் கதை. நடுவில் உள்ளதை வாங்கினாள். கூட ஒரு பல்பைக்கூட மாட்ட இடமில்லாமல், ஆனால் ஒரு பல்புகூட இருட்டில் நிற்காமல், தட்டுக்கு ஒரு கரண்டி என்று அளந்த மாதிரி இருந்தது அது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் வண்டி வந்து மெஷினை இறக்கியதும் சரிவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. வாழ்த்து ஒரு பக்கம், கண் அளவெடுத்தது மறுபக்கம். "எத்தனை வாட்ஸ், மெலின்?" என்று கேட்டது யார் என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"ஆயிரத்தெண்ணூறு," என்றாள். "அக்கா மெஷினுக்கும் ஒரு பல்புக்கும் சரியா இருக்கும்."

வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வந்தபின் திரும்பப் போக மறுத்தது. அளவு எழுதிய ஸ்டிக்கரை முந்தின நாளே கடையில் வைத்தே நகத்தால் சுரண்டி எடுத்திருந்தாள் என்பதால், வழுக்கியது என்று நான் சொல்வதும் அவளுக்குச் செய்யும் சலுகைதான். ஜனங்கள் "ஐயோ, அவ்வளவுதானா, பாவம்" என்று கலைந்தார்கள். எவாரிஸ்டோ மட்டும் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இரும்புக் கூண்டைத் தட்டிப் பார்த்து, "எடம் நல்ல எடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொராய்தா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "எம் மூச்சைச் சாக்கா வச்சுப் பொய் சொல்றியேடி. நாளைக்குப் பாதர்கிட்ட நீதான் போய்ச் சொல்லணும்."

"உன் மூச்சு இருந்தாத்தான் நான் பாதர்கிட்டயே போக முடியும்."

செப்டம்பரில் புயல் வந்தது. காற்று குறைவு, மழைதான் மலையைக் கரைத்தது. புயல் கரையைத் தொடுவதற்கு முன்பே கரண்ட் போயிற்று. மூன்றாவது இழுப்பில் மெஷின் கிளம்பியது. சொராய்தாவின் குழாயில் காற்று சீராக வந்தது. மெலின் கட்டில் ஓரம் உட்கார்ந்து, ஆக்ஸிஜன் மெஷினின் தண்ணீர்க் குப்பியில் காற்று குமிழியிடும் சத்தத்தைக் கேட்டாள். ஐந்து வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒரு கல் இறங்கியது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

மறைக்க வேண்டியிருந்ததெல்லாம் ஃபிரிட்ஜைத்தான். ஆயிரத்தெண்ணூறில் ஃபிரிட்ஜ் ஓடாதே! ஆகவே ஓடுகிற ஃபிரிட்ஜை ஓடாததுபோல் வைத்துக் குடும்பம் நடத்தினாள். வாசலில் நிழல் தெரிந்தால் அதன் கதவுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இறைச்சியைத் திருட்டுத்தனமாகச் சமைத்தாள். வாசனை போகக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தினாள். மூன்றாம் நாள் எவாரிஸ்டோ, காற்றில் விழுந்த கறிப்பலா நாலைச் சுமந்துகொண்டு வந்தார். வேர்த்து வழிந்தது அவருக்கு. மெலின் அலமாரியிலிருந்து மால்ட்டா என்கிற பார்லிப் பானம் ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து கொடுத்தாள். ஆறு மால்ட்டா ஃபிரிட்ஜுக்குள் ஜில்லென்று நிற்க, இவள் கொடுத்தது கை சுடும் சூட்டில் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க, சூடா இருக்கு."

"இந்த நேரத்துல ஈரமா ஒண்ணு கெடைச்சாப் போதும்," என்று சொல்லி அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவர் கறிப்பலாவை மட்டும் வைத்துவிட்டு எதையும் கேட்காமல் எழுந்து போனார்.

ஆறாம் நாள் காலை, ஜன்னலோரம் சாய்ந்திருந்த சொராய்தா தங்கையைக் கூப்பிட்டாள். "மெலின், எவாரிஸ்டோ ஓடையில என்ன பண்றார் பாரு."

இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஓடும் ஓடையில், செம்மண் கலங்கிய தண்ணீரில், முழங்கால் வரை இறங்கி நின்றுகொண்டிருந்தார். ஒரு மூடிபோட்ட ஜாடியைக் கயிற்றில் கட்டிக் கல்லிடுக்கில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ஜாடிக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள்.

"மீன் புடிக்கிறாரா?" என்றாள் மெலின்.

"மீனா? அது இன்சுலின்டி! அவருக்குச் சர்க்கரைன்னு உனக்குத் தெரியாதா? ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவுத்து வச்சிருக்கார், பாரு. ஐஸ் லாரி மண்ணுசரிவைத் தாண்டி வரல." சொராய்தா மூச்சு வாங்க நிறுத்தினாள். "அந்தத் தண்ணி காலையில குளுந்திருக்கும். மத்தியானம் வெந்நியா ஆயிடும்."

மெலின் முதலில் செய்தது, பழக்க தோஷம், கணக்கு. அவருடைய ஃபிரிட்ஜுக்கு ஒயர் விட்டால் இரண்டு ஃபிரிட்ஜும் ஒரே நொடியில் கிளம்பலாம். கிளம்பினால் மெஷின் நிற்கும். நின்றால் நீல உதடு. முடியாது, என்ன ஆனாலும் முடியாது. இவ்வளவும் நினைத்து முடித்தபிறகுதான் அந்த ஜாடியை மறுபடி பார்த்தாள். கையளவு ஜாடி. அதற்கு ஒயர் எதற்கு? வாட்ஸ் எதற்கு? அவள் ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் தட்டில் நாலு முட்டைக் குழி காலியாகக் கிடந்தது. அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். ஒரு மனுஷனின் உயிர் மருந்தை ஓடையில் போட வைத்தது மெஷினின் அளவல்ல, அவள் சொன்ன அளவு.

செருப்புக்கூடப் போடாமல் சரிவில் இறங்கினாள். சேற்றில் ஒரு முறை வழுக்கி, கையூன்றி எழுந்தாள்.

"டோன் எவாரிஸ்டோ! அதை எடுங்க. எங்க ஃபிரிட்ஜ்ல வைக்கிறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பரவால்ல மெலின். ஓடை குளுந்துதான் இருக்கு."

"எங்க ஃபிரிட்ஜ் ஓடுது. மொத நாள்லேர்ந்து ஓடுது." மூச்சு இரைத்தது. "அது ஆயிரத்தெண்ணூறு இல்ல. மூவாயிரத்து ஐந்நூறு. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நாப்பது வருஷம் இஞ்சினோட குடும்பம் நடத்தினவன் நான். ஃபிரிட்ஜ் கெளம்புறப்பல்லாம் உன் மெஷின் தொண்டையைக் கனைச்சுக்குது. பல்பை மட்டும் சொமக்கிற மெஷின் ஏன் கனைக்கணும்?"

மெலினுக்கு முகம் எரிந்தது. அன்று அவர் குடித்த சூடான மால்ட்டா நினைவுக்கு வந்தது; ஓடை அப்படியே தன்னை இழுத்துக்கொண்டு போனால் தேவலை என்றிருந்தது. பிறகு கோபம் வந்தது, அவளுக்கு எப்போதும் வெட்கத்துக்குப் பின்னால் கோபம்தான் வரும். "தெரிஞ்சுமா வாயைத் தொறக்கல? கறிப்பலா கொண்டாந்தீங்களே, அப்பவாச்சும் கேட்டிருக்கலாமே! கேட்டா நான் குடுக்க மாட்டேனா?"

எவாரிஸ்டோ ஜாடியின் கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்பேன், மெலின்? அன்னிக்கு நின்னது என் மெஷின்தானே. நாலு வீட்டுக்கு மேல தாங்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஆறு வீட்டுக்கு விட்டேன். சொராய்தாவை நாக்காலியோட தூக்கிட்டுப் போனதைப் பார்த்துக்கிட்டு நின்னவன் நான். நீ பொய் சொன்னப்ப, நீ பண்றது சரிதான்னு நெனைச்சேன்."

ஐந்து வருஷம் மெலின் எண்ணிக்கொண்டிருந்தது அந்த ஒரு மத்தியானத்தை மட்டுமே. இந்த மனுஷனும் அதையே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார், வேலிக்கு அந்தப் பக்கம், தனியாக. அதற்கு முன்னால் போன நாட்களை இரண்டு பேருமே எண்ணவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. சேற்றுக் கையால் துடைத்து முகமெல்லாம் சேறாக்கிக்கொண்டாள்.

"பத்தொம்பது நாள் அவ மூச்சு விட்டதும் உங்க மெஷின்லதான்," என்றாள். "அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாளாச்சு. ஜாடியைக் குடுங்க."

அவர் கொடுத்தார்.

அந்தச் சரிவுக்குக் கரண்ட் வர இன்னும் பதினேழு நாள் ஆனது. அதற்குள் மெலின் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடும் கதை சரிவு முழுக்கத் தெரிந்துபோயிற்று. ஒயர் எதுவும் வேலியைத் தாண்டவில்லை. அதில் மெலின் பிடிவாதமாகவே இருந்தாள், எவாரிஸ்டோவே அதற்குச் சாட்சி நின்று மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார். ஆனால் அவர்கள் சும்மா திரும்பவில்லை. ஒருவர் பிள்ளையின் மருந்துக் குப்பியை வைத்துவிட்டுப் போனார், இன்னொருத்தி தாய்ப்பால் பாட்டிலை வைத்துவிட்டுப் போனாள். யார் கொண்டு வந்தாலும் ஆளுக்கு ஒரு குழி இடம்தான், அதற்கு மேல் இல்லை. சொந்த முட்டைகள் மேஜைக்கு வந்தன.

எவாரிஸ்டோ காலையிலும் சாயங்காலமும் வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்து, குப்பியை எடுத்து ஊசி போட்டுக்கொண்டு, சொராய்தாவோடு கொஞ்சம் சண்டை போட்டுவிட்டுப் போவார். கரண்ட் வந்த அன்று அவர் ஃபிரிட்ஜும் ஓட ஆரம்பித்தது. மறுநாள் காலை ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பிகளை வாங்கிப் போக வந்தார்.

"எதுக்கு?" என்றாள் மெலின், அடுப்பிலிருந்து திரும்பாமலே. "ஜாடியை அங்க வச்சுட்டு உக்காருங்க. காப்பி கொதிக்குது."

அவர் உட்கார்ந்தார்.